செவுள்

அக்காவின் கார் தெருமுனை திரும்புவதற்கு முன்பே அதன் வாடை பட்டறைக்கு வந்துவிட்டது. எரிந்தும் எரியாத பெட்ரோலின் வாடை. தகரக் கூரைமீது தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்த சனிக்கிழமை மதியம் அது. காற்று ஈரத்தில் கனத்துக் கிடந்ததால் வாடை மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து வந்தது.

"தங்கச்சி, அக்கா வர்றாங்க. மூக்கைப் பிடிச்சுக்க," என்றார் டிங்கர். நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்துவது அவர் வேலை. நாள் முழுக்கச் சுத்தியல் சத்தத்திலேயே இருப்பதால், காதோடு சொல்ல வேண்டியதையும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

சின்னவள் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்து, அதன் இடத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்காமல் அவளால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. பகலில் இந்தப் பட்டறை, மாலையில் வண்டி எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தவளுக்கு ஒழுங்கு ஒன்றுதான் கைப்பிடி. அதை விட்டால், தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது ஒருநாள் வெளியே தெரிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

கார் உள்ளே வந்து நின்றது. நின்ற பிறகும் நிம்மதியாக நிற்கவில்லை. உறுமியது, அடங்கியது, அணையப் போகிற மாதிரி நடுங்கிவிட்டு மறுபடி உறுமியது. அக்கா சாவியைத் திருப்பி அதன் வாயை அடைத்தாள். இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். அந்தக் கதவை அவள் அப்படிச் சாத்தி யாரும் பார்த்ததில்லை.

"புகைச் சோதனையில தேறல," என்றாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? பின்னாடி குழாயில கம்பிய விட்டாங்க, மெஷினப் பாத்தாங்க, அப்புறம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமை இன்னொரு தடவ கொண்டு வாங்க, அதுலயும் தேறலன்னா வாடகைக்கு ஓட்டுற உரிமத்த ரத்து பண்ணிருவோம்னு சொல்லிட்டாங்க."

"திங்கக்கிழமையா?"

"ஆமா. நீ வேற சென்சார் போட்டுட்டேன், இனிமே கவலையில்லன்னு சொன்னே."

சின்னவளுக்குக் காது சுட்டது. சொன்னாள்தான். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் டேஷ்போர்டில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்கேனரை மாட்டினாள், ஆக்ஸிஜன் சென்சார் கோளாறு என்று காட்டியது. புதுசு வாங்கிப் போட்டாள், விளக்கு அணைந்தது. அக்கா அன்று தன் தங்கையைப் பற்றிச் சவாரிக்கு ஏறியவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். கொஞ்ச நாள் வண்டி பூனை மாதிரி ஓடியது. பிறகு விளக்கு மறுபடி எரிந்தது.

இந்தக் கார் வருவதற்கு முன்னால் அக்கா ஒரு கம்பெனியின் நிலவறையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது வேலை முடிந்து மேலே ஏறி வந்தால்தான் தெரியும். ஓட்டக் கற்றுக்கொண்டு, இந்தக் காரைப் பிடித்து, முதல் சவாரி போய்வந்த அன்று அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இன்னிக்கு மேகத்தப் பாத்துக்கிட்டே வேலை செஞ்சேன்டி." உரிமம் போனால் மறுபடி அந்த நிலவறைதான். மேற்பார்வையாளர் அவளுடைய பழைய நாற்காலி காலியாகவே இருப்பதாக ஏற்கெனவே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

"சாவியக் குடு," என்றாள் சின்னவள்.

"சென்சார் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா, இல்ல நீ சரியா மாட்டலையா?"

"தெரியலக்கா. பாத்தாத்தான் தெரியும்."

"நல்ல மெக்கானிக் வாய்ச்சா எனக்கு," என்று அக்கா ஒரு டயர்மேல் உட்கார்ந்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க," என்றார் டிங்கர். "தெரியலன்னு சொல்ற மெக்கானிக்க நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். மத்தவனெல்லாம் தெரியலன்னா சுத்தியல எடுப்பான்."

"நீங்க தெரிஞ்சாலும் அதத்தானே எடுக்குறீங்க," என்றாள் அக்கா. சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அவள் உதட்டுக்கு வந்து, வந்த வழியே போய்விட்டது.

சின்னவள் பானட்டைத் தூக்கினாள். ஆக்ஸிஜன் சென்சார் என்பது கட்டைவிரல் பருமன் சாமான். இன்ஜினிலிருந்து புகை வெளியேறுகிற குழாயில், நெருப்புக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும். புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று மோந்து பார்த்து, வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். காற்று மிஞ்சுகிறது என்று அது சொன்னால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். பெட்ரோல் மிஞ்சுகிறது என்றால் குறைக்கும். அது சொல்கிற சொல்லைத்தான் வண்டி நம்புகிறது. அது தப்பாகச் சொன்னால் வண்டி மொத்தமும் தப்பாக நடக்கும்.

போன தடவை விளக்கு யாரைக் கைகாட்டியதோ அவரை மட்டும் பிடித்து மாற்றிவிட்டோம், வண்டியைப் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றியது. இந்த முறை அடியிலிருந்து வந்தாள். ஃபியூஸ் சரி. வயர் எங்கும் உரசவில்லை, உருகவில்லை. சென்சாரைச் சூடாக்குகிற உள்கம்பி உயிரோடு இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. சரி என்று தெரிந்ததையும் இன்னொரு தடவை பார்த்தாள்.

பிறகு ஸ்கேனரைப் பொருத்தி, சென்சாரின் சொல்லைத் திரையில் கோடாக ஓடவிட்டாள். நல்ல சென்சாரின் கோடு மேலும் கீழுமாக விடாமல் துள்ளும். இது படுத்துக் கிடந்தது. ஒரு ரப்பர் குழாயைக் கழற்றி இன்ஜினுக்கு வேண்டுமென்றே காற்றைக் கொடுத்தாள். அந்த நொடியே விழ வேண்டிய கோடு, தூக்கத்தில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன் மாதிரி புரண்டு, யோசித்து, மெல்ல இறங்கியது.

"செத்துடுச்சா?" என்று அக்கா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"சாகலக்கா. மயக்கத்துல இருக்கு."

சூடு தணியுமுன், வயர் நுழைய வாய் பிளந்த சாக்கெட்டைப் போட்டுச் சென்சாரைக் கழற்றினாள். துணியில் வைத்து வெளிச்சத்தில் திருப்பினாள். முனையில் கரி இருக்கும் என்று எதிர்பார்த்தாள். முனை வெள்ளையாக இருந்தது. மாவு தொட்ட விரல் மாதிரி, நுண்ணிய வெள்ளைப் பூச்சு.

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்தார். அவர் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "வெள்ளையா? தங்கச்சி, கூலன்ட் தண்ணி உள்ள போய் எரிஞ்சாலும் இப்படித்தான் படியும். ஹெட் பேக்கிங் போயிருக்குமோ?"

இன்ஜினின் தலைக்கு அடியில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிற ஹெட் பேக்கிங் போனால் இன்ஜினைப் பிரித்துத் தலையைத் தூக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் நடக்கிற காரியமில்லை.

இன்ஜின் சூடு தணிந்ததும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். தண்ணீர் நிறைய இருந்தது. பம்பைப் பொருத்திக் காற்றழுத்தம் ஏற்றினாள். இறங்கிவிடுமோ என்று மூவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூரையில் தூறல் வலுத்து, ஓய்ந்து, மறுபடி வலுத்தது. முள் அசையவில்லை. அழுத்தத்தை விடுவித்து, மறுபடி ஏற்றினாள்.

"அதான் நிக்குதே," என்றார் டிங்கர்.

"பம்பு பொய் சொல்லுதோன்னு பாக்குறேன்ணே."

"உன்ன நம்பலாம், உன் சந்தேகத்த நம்ப முடியாது போலிருக்கே."

இரண்டாவது முறையும் முள் அசையவில்லை. ஹெட் பேக்கிங் நன்றாக இருந்தது. அக்கா மூச்சை விட்ட சத்தம் கேட்டது. சின்னவளுக்கோ முடிச்சு இறுகியது. தண்ணீர் இல்லையென்றால் இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

டார்ச்சையும் முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு இன்ஜினை மேலிருந்து, ஓரம் ஓரமாக, ஒரு சாமான் விடாமல் பார்த்துவந்தாள். இன்ஜின் உச்சியில் டேப்பட் கவர் என்கிற மூடி; அதன் பின்விளிம்பு இன்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டி மறைந்திருக்கும். கண்ணாடியை அதன் பின்னால் நீட்டினாள்.

அங்கே ஒரு கோடு பளபளத்தது.

கண்ணாடி நிறத்தில் பசைக்கோடு. பட்டறைகளில் பூசுகிற கறுப்புப் பசை இல்லை. அதைப் பூசுகிறவர்கள் பல்துலக்குகிற அவசரத்தில் பூசுவார்கள். இது மூடியின் விளிம்பு முழுக்க ஒரே கனத்தில், ஒரு நெளிவு இல்லாமல் போயிருந்தது. மூலை திரும்புகிற இடத்தில் கட்டைவிரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்ட பள்ளம். கண்ணால் பார்க்கவே முடியாத இடத்தில் கையை மட்டும் விட்டு ஒரு மனிதர் இதைச் செய்திருக்கிறார். சின்னவள் ஒரு கணம் வண்டியை மறந்து அந்த மூலையையே பார்த்தாள். அந்தக் கட்டைவிரலை அவளுக்குத் தெரியும். வீட்டு முன்னறையில் அடுக்கியிருக்கிற ஒவ்வொரு மீன்தொட்டியின் மூலையிலும் அது இருக்கிறது.

"என்னடி, பேய் அடிச்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் அக்கா.

அவள் வாய் திறப்பதற்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மழைக்கோட்டுக்குள் சாப்பாட்டுப் பையை அணைத்துக்கொண்டு மாமா வந்து இறங்கினார். அக்காவின் கணவர். மீன்தொட்டி செய்கிறவர், கையெல்லாம் கண்ணாடி கீறிய பழைய கோடுகள்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு தெரியும். ரொட்டி, அவிச்ச முட்டை. என்ன டாக்டரம்மா, நோயாளி எப்படி?" என்றவர், சின்னவளின் கையிலிருந்த கண்ணாடியும் டார்ச்சும் நீட்டியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சுட்டியா! நம்ம வேலைதான். எப்படி? ஒரு சொட்டு ஒழுகுதா, சொல்லு."

"எது ஒழுகுதான்னு கேக்குறீங்க?" என்றாள் அக்கா.

"ஆயிலு. கோடையில வாசல்ல சொட்டுச் சொட்டா கறை பட்டுச்சே, நீகூடத் திட்டினியே. பாவம் சின்னவ, பகலெல்லாம் பட்டறை, சாயங்காலம் படிப்பு. இதுக்கும் அவளக் கூப்பிடணுமான்னு நானே தொட்டிக்குப் போடுற சிலிகானப் போட்டு அடைச்சுட்டேன். லேசாக் கசிஞ்சா ஞாயித்துக்கிழமை வண்டி கழுவுறப்ப மேல ஒரு கோடு. ஒரு ஆள் உயரத் தண்ணியையே பிடிச்சு நிறுத்துற பசை, இந்த ஆயில விட்டுருமா?"

டிங்கர் எதையோ தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். மாமாவின் சிரிப்பு ஒவ்வொரு முகமாகப் போய், தங்க இடமில்லாமல் திரும்பியது.

"ஏன், என்ன?"

எப்படிச் சொல்வது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. மாமா நீட்டிய முட்டைப் பையின் சூடு வேறு அவள் கையில் இருந்தது. கடைசியில் கேட்டாள்: "மாமா, அந்தப் பசை காயறப்ப ஒரு வாடை வருமே?"

"வினிகர் மாதிரி. கண்ணு எரியும்."

"இந்த மூடிக்குள்ள என்ன ஆவி இருந்தாலும் இன்ஜின் அத வெளிய விடாது மாமா. ஒரு குழாய் வழியா உறிஞ்சி, பெட்ரோலோட சேத்து எரிச்சிரும். நீங்க போட்ட பசையோட ஆவியும் அப்படித்தான் உள்ள போயிருக்கு. சூடான ஆயில்ல அந்தப் பசை நிக்கவும் நிக்காது. கரையக் கரைய நீங்க மேல மேல போட்டிருக்கீங்க." துணியில் இருந்த சென்சாரை நீட்டினாள். "சிலிகான் எரிஞ்சா இப்படி வெள்ளையாப் படியும். இது மணல் மாதிரிதான். கண்ணாடி எதுல செய்யுறாங்களோ, அதே சரக்கு."

மாமா சென்சாரை வாங்கினார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது வரவில்லை.

"கண்ணாடியா," என்றார்.

"இது மேல கண்ணாடி படிஞ்சுபோச்சு. புகையில என்ன இருக்குன்னு இதுக்குத் தெரியல. தெரியாம, காத்து மிஞ்சுது, பெட்ரோல் ஊத்துன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. அதான் இந்தப் புகையும் வாடையும்."

அக்கா வெடித்தாள். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வண்டியக் கழுவுறேன் கழுவுறேன்னு குனிஞ்சு கிடந்தீங்களே, இதுக்குத்தானா? பக்கத்து வீட்டுக்காரிகிட்டகூடப் பெருமையடிச்சேன், எங்க வீட்டுக்காரர் வண்டியத் தூசி பட விடமாட்டார்னு! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? என் பொழப்புங்க அது!"

மாமா சென்சாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனையை மூடிய உலோக உறையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பிளவுகள் இருந்தன.

"சின்னவளே, இந்தக் கீறல் எதுக்கு?"

"அது வழியாத்தான் புகை உள்ள போகும் மாமா. உள்ள ஒரு மெல்லிசான சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் புகை, அந்தப் பக்கம் நாம சுவாசிக்கிற காத்து. ரெண்டுலயும் ஆக்ஸிஜன் எவ்வளவு வித்தியாசம்னு அந்தச் சுவருக்குத் தெரியும்."

"செவுள்," என்றார் மாமா.

"என்ன?"

"இதுக்குச் செவுள் இருக்கு." அவர் அந்தப் பிளவுகளை விரல்நுனியால் தடவினார். "தொட்டிக்குப் பசை போட்டா வாடை போற வரைக்கும் நான் ஒரு மீனை உள்ள விடமாட்டேன். வாங்க வந்தவன் வாசல்ல நின்னு கத்துனாலும் விடமாட்டேன். விட்டா மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடும். பாக்க முடியாது. மீனுக்கு அத்தனை பாத்தவன்... இது இரும்புதானேன்னு நெனச்சுட்டேன். இது மூச்சு விடுதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

அக்கா திட்டுவதற்கு எடுத்த அடுத்த வார்த்தையை அப்படியே விட்டுவிட்டாள். பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உடைத்து, உரித்து, அவர் கையில் திணித்தாள். "தின்னுங்க மொதல்ல. அப்புறம் அழலாம்."

மறுநாள் பட்டறைக்கு விடுமுறை. முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மழை விட்டிருந்தது. சின்னவள் டேப்பட் கவரைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது, உள்விளிம்பெல்லாம் பிதுங்கிய பசை ஆயிலில் ஊறி, ஜெல்லி மாதிரி தொங்கியது. சுரண்டுகோலை எடுத்தாள்.

"நில்லு, கீறிடும்," என்றார் மாமா. "போட்டவனுக்குத்தான் எடுக்கத் தெரியும்."

தன் பிளேடைச் சாய்த்து விளிம்போடு படுக்க வைத்தார். ஒரு முனையைக் கிளப்பி, விரலில் சுற்றிக்கொண்டே இழுத்தார். பசை ஒரே நாடாவாக உரிந்து வந்தது. மூடி முழுக்க அப்படி எடுத்துவிட்டு, விரல்நுனியால் சுற்றுவட்டம் முழுவதும் தடவிப் பார்த்தார். ஒரு துணுக்கு மிஞ்சியிருந்த இடத்தில் விரல் நின்றது. அதையும் எடுத்தார். எதிரே இன்ஜினின் விளிம்பையும் அப்படியே செய்தார். ஒரு துகள் உள்ளே விழவில்லை. சின்னவள் சுரண்டுகோலைக் கீழே வைத்தாள். அதே கை. வண்டியைப் படுக்க வைத்ததும், இப்போது எழுப்புவதும்.

அந்த விளிம்பில் உட்கார வேண்டிய ரப்பர் பேக்கிங்கை அவள் வைத்தாள். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினாள். பிளக்குகளைத் துடைத்தாள். கடைசியாகப் புதுச் சென்சாரை உறையிலிருந்து எடுத்தபோது மாமா இரண்டு கையையும் நீட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, மீன்குஞ்சைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி கொடுத்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் பயம்க்கா," என்றாள் சின்னவள், அதை முறுக்கிக்கொண்டே. "சென்சாரத் தாண்டி சைலன்சர்ல ஒரு வடிகட்டி இருக்கு. அதுலயும் இந்தக் கண்ணாடி படிஞ்சிருந்தா நாளைக்குத் தேறாது. அத உள்ள பாக்க வழியில்ல."

"தேறலன்னா?"

"தேறலன்னா... தெரியலக்கா."

"சரி. சாவியப் போடவா?"

அக்கா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்தது. மாமாவும் சின்னவளும் ஸ்கேனர் திரைமீது குனிந்தார்கள். கோடு படுத்துக் கிடந்தது.

"அதே மாதிரிதானே இருக்கு," என்றார் மாமா.

"குளிர்ந்திருக்கு மாமா. சூடேறணும்." சொன்னாளே தவிர, அவளுக்குள்ளும் அதே கேள்விதான். வயரைச் சரியாகச் செருகினோமா? செருகினோம். இரண்டு தடவை பார்த்தோம்.

கோடு சிலிர்த்தது. ஒரு முறை எழுந்து விழுந்தது. பிறகு மறுபடி. பிறகு நிற்கவே இல்லை. எழுந்து விழுந்து, எழுந்து விழுந்து, திரையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீந்திப் போய்க்கொண்டே இருந்தது. இன்ஜினின் உறுமல் தானாகத் தணிந்தது. நடுக்கம் நின்றது. நெருப்புக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தக் கட்டைவிரல் பருமன் சாமான் மோந்து மோந்து சொல்ல, சொன்ன சொல் ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு பெரிய இன்ஜின் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது. வகுப்பில் இந்தக் கோட்டைப் படமாக எத்தனையோ தடவை வரைந்திருக்கிறாள். உயிரோடு ஓடும்போது பக்கத்தில் நிற்க இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது.

"என்னாச்சு? ஏன் ரெண்டு பேரும் பேச மாட்டேங்கிறீங்க?" என்று அக்கா உள்ளேயிருந்து கத்தினாள்.

"நீயே வந்து பாரு," என்றார் மாமா.

அவள் இறங்கி வந்து பார்த்தாள். அவளுக்கு அந்தக் கோட்டின் அர்த்தம் தெரியாது. ஆனால் ஒரு கையை பானட்டின் விளிம்பில் வைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் நிற்கிறவள் மாதிரி சத்தம் காட்டாமல் நின்றாள்.

திங்கட்கிழமை காலை மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். புகைச் சோதனை நிலையம் ஒரு நீளமான கொட்டகை. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே அவரும் சின்னவளும் நின்றார்கள். உள்ளே அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனைக்காரர் பின்குழாயில் கம்பியை விட்டார், இன்ஜின் வேகத்தை உயர்த்தச் சொன்னார், மெஷினைப் பார்த்தார். அடுத்தவரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமா சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இது சனிக்கிழமை வந்த வண்டிதானா?" என்று கேட்டார் சோதனைக்காரர்.

"அதேதான்," என்றாள் அக்கா.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே தேறியதற்கான ஸ்டிக்கரை உரித்து முன்கண்ணாடியில் ஒட்டினார். ஒட்டிவிட்டு, "எடுங்க, பின்னாடி வண்டி நிக்குது," என்றார்.

அக்கா இரண்டடி முன்னால் வந்து நிறுத்தினாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போன் அடித்தது. காதில் வைத்தாள். "ஆமாங்க, வண்டி இருக்குங்க. இதோ, இப்பவே." வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "சவாரி. ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வந்துருங்க."

"அடிப்பாவி, வண்டியச் சரி பண்ணுனவள நடுரோட்டுல விட்டுட்டுப் போறியே," என்றாள் சின்னவள்.

"டாக்டருக்கெல்லாம் யாரு லிஃப்ட் குடுப்பா? வீட்டுக்கு வா, தலையில தூக்கி வச்சுக்கிறேன்!" கார் சத்தமில்லாமல் நழுவி, வெளிச்சத்துக்குள் போய், திரும்பியது. அதன் பின்னால் புகையும் இல்லை, வாடையும் இல்லை.

மாமா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. காரின் பின்குழாய் இருந்த இடத்தில், கொட்டகையின் காய்ந்த சிமெண்டுத் தரையில், சொட்டுச் சொட்டாக ஈரம்.

"ஐயோ, சின்னவளே! தண்ணி ஒழுகுது!"

"அது ஒழுகல மாமா. பெட்ரோல் ஒழுங்கா எரிஞ்சா தண்ணியும் வரும். வரிசையில நின்னதுல குழாய் ஆறிருக்கு. சூடேறுனா ஆவியாப் போகும், அதுவரைக்கும் இப்படிச் சொட்டும். நல்ல அறிகுறிதான்."

"நெருப்புலேருந்தா? தண்ணியா?"

"ஆமா மாமா."

மாமா கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய்க் குந்தி உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் தண்ணீர் வெளியே வராமல் அடைத்துக்கொண்டிருந்த கட்டைவிரலால் ஒரு சொட்டைத் தொட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அது தெளிவாக இருந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சின்னவள் அவர் கையைப் பிடித்து எழுப்பிச் சாலைக்கு அழைத்து வந்தாள்.

பஸ் வந்தது. மாமா அந்த விரலைத் துடைக்காமல், எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடியே ஏறினார்.